ஏழாவது அத்தியாயத்துக்காக ஒரு மலையேற்றம்

மார்ச்சில் தொடங்கிய இளையோர் நாவல் ஏழாவது அத்தியாயத்தில் நின்றுபோனது. படிவம் நான்கு மாணவர்கள் மூவர் சபாவின் கினபாலு மலை ஏறும் கதை. அதுவரை எழுதியதை அண்ணன் மகனிடம் படிக்கக் கொடுத்தேன். அவனுக்கு 16 வயது. "அத்தை, மலை ஏறும்போது இவ்வளவு பேச யாருக்கு மூச்சு இருக்கும்?" என்றான்.

சரி, ஏறியே பார்ப்போம் என்று போன ஞாயிறு விடியற்காலையில் பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் கொடிமலைக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படி ஏறிப் பழகிய கால் என்று நம்பியிருந்தேன். இது வேறு. படியில் நின்று மூச்சு வாங்கலாம். இந்தச் சரிவில் நின்றாலும் கெண்டைக்கால் இழுக்கிறது. எங்கள் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டே போனேன். முதல் அரைமணி நேரம் பள்ளிக் கதை. அப்புறம் "தண்ணி", "இன்னும் எவ்வளவு?", "வாங்க அத்தை". அவ்வளவுதான். வீடு திரும்பியதும் உரையாடலில் பாதியை அடித்துவிட்டேன்.

இறங்கும்போது அவனுக்கு ஒன்று சொன்னேன்: 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும், நம்மவர்கள். பாதையிலேயே நின்றுவிட்டான். "இத ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?" அந்தக் கேள்வி இப்போது நாவலில் இருக்கிறது, மூவரில் இளையவள் கேட்பதாக.

833 மீட்டர் கொடிமலையில் தெரியாதது உயரத்தின் பாதிப்பு. கினபாலு 4,095 மீட்டர்; உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். தலைவலி, குமட்டல் எல்லாம் நல்ல உடற்கட்டு உள்ளவரையும் விடாது. முற்றினால் கீழே இறங்கியே ஆகவேண்டும். அதனால் மூவரில் ஓட்டப்பந்தய வீரனான பையனையே உச்சிக்குக் கீழே உள்ள பானாலாபான் விடுதியில் படுக்க வைத்துவிட்டேன். இந்தத் திருப்பம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஒரு பெரிய தவறையும் திருத்தினேன். முதல் வரைவில் மூவரும் தனியாக ஏறினார்கள். அங்கே வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். ஆகவே சபாவின் பூர்வகுடியான டூசூன் பெரியவர் ஒருவர் கதைக்குள் வந்தார். அவர் இனத்தாருக்கு அந்த மலை முன்னோர் ஆவிகள் தங்கும் இடம். அவர் மலையிடம் பேசும் பத்தியை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

எட்டாவது அத்தியாயம் இருட்டில், கருங்கல் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறும் இடம். நேற்றிரவு ஒரு நைலான் கயிற்றை நனைத்து ஐஸ்பெட்டியில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. அந்த விரலிலிருந்துதான் அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறேன்.