கேட்டால் புரியாத ஆங்கிலம்

படித்தால் புரிகிற ஆங்கிலம் காதில் விழும்போது ஏன் புரிவதில்லை? ஆங்கிலம் நடத்தும் ஒவ்வொரு ஆசிரியரிடமும் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது, ஆனால் வகுப்பில் நாம் சொற்களைத் தனித்தனியாகத்தான் உச்சரித்துக் காட்டுகிறோம். பேச்சில் அவை அப்படி வருவதில்லை. 'ஐ வான்ட் டு கோ டு த மார்க்கெட்' என்பதில் வான்ட், கோ, மார்க்கெட்டின் முதல் அசை, இவை மூன்றுதான் அழுத்தம் பெறும். மற்றதெல்லாம் அழுத்தமின்றி வேகமாக ஓடிவிடும், டு, த போன்றவற்றின் உயிர் ஷ்வா என்ற மங்கிய உயிரொலியாகத் தேய்ந்துவிடும். அந்த ஷ்வாதான் ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி, அதற்கென்று தனி எழுத்துகூட இல்லை.

இதை நம் பிள்ளைகளுக்குப் புரியவைக்கத் தமிழ் இலக்கணமே போதும் என்பது என் உறுதியான எண்ணம். 'பாட்டு' என்பதில் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறுகுவது அவர்களுக்குத் தெரியும், ஆங்கில உயிர் தேய்வதையும் அதைக் காட்டியே சொல்லலாம். மணி, அடித்தது சேர்ந்தால் இடையில் ய் வரும். 'சீ இட்' என்பதிலும் அதே ய் எட்டிப்பார்க்கும், 'கோ அவுட்' என்றால் வ் போல ஒன்று. மரம் மரங்கள் ஆகும்போது ம் அடுத்த ஒலிக்கு ஏற்ப மாறுவது மாதிரி, வேகப் பேச்சில் 'டென் பாய்ஸ்' 'டெம் பாய்ஸ்' ஆகிறது.

அப்புறம் 'கேன்', 'கான்ட்'. 'ஐ கேன் கம்' என்று இயல்பாகச் சொன்னால் கேன் வெறும் 'கன்'னாகச் சுருங்கிவிடும், 'கான்ட்' மட்டும் முழு உயிரோடு அழுத்தமாக நிற்கும், கடைசி ட் பல நேரம் காதில் விழாது. நம் மாணவர் கேனை அழுத்திச் சொன்னால் 'கான்ட்'டைக் 'கேன்ட்' என்றே சொல்லும் அமெரிக்கர் அதை 'வர முடியாது' என்று எடுத்துக்கொள்ளலாம். நாளைய வகுப்பை இந்த இரண்டிலிருந்தே தொடங்குங்கள்.