கறள் பிடிக்காத வெடிப்பு

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்த காலம். சுடுதண்ணீர்த் தாங்கி ஒன்று கசியத் தொடங்கியது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கறள் இல்லை, தகடு மெலியவும் இல்லை. ஒட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு, அதில் ஒரு துளி தண்ணீர். அவ்வளவுதான்.

கல்லடியிலிருந்து வெல்டிங் பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தோம். 60 வயதைத் தாண்டியவர், கைச்சுத்தமான வேலை. கோட்டைக் கிரைண்டரால் தோண்டி, ஆர்கன் வெல்டிங் வைத்து மூடினார். ஐந்து வாரம் தாங்கியது. அப்புறம் அந்த ஒட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி இன்னொரு கோடு. அதையும் மூடினார். மூன்றாம் முறை கசிந்தபோது முகாமையாளர் அவருடைய கூலியைப் பிடித்து வைத்தார்.

"மனே, என்ட ஒட்டு உடையல்ல. பக்கத்துத் தகடுதான் உடையுது. வடிவாப் பாருங்க" என்றார் பாஸ். நான் பார்க்கவில்லை. அறிக்கையில் 'வெல்டிங் குறைபாடு' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

தாங்கியைக் கழற்றிய பிறகுதான் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சாயச் சோதனை செய்தேன். சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தால் வெடிப்புக்குள் போன சாயம் வெளியே கசியும். ஒரு கோடு வரும் என்று நினைத்தேன். வந்தது இலையுதிர்ந்த முருங்கைக் கிளை. கிளைக்குள் கிளை, அதற்குள் இன்னும் சிறு கிளை. தகைப்பு அரிப்பு வெடிப்பு என்று படித்தபோது பார்த்த படம் அப்படியே கண்முன்னே கிடந்தது.

இந்த வெடிப்புக்கு இரண்டு பேர் வேண்டும்: இழுக்க ஒருவர், அரிக்க ஒருவர். ஒட்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. அந்த இழுபறி தாங்கி வெறுமையாக இருந்தாலும் உலோகத்துக்குள் தங்கிவிடும். மற்றவர் உப்பிலுள்ள குளோரைட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது மேலே படிந்திருக்கும் மெல்லிய குரோமியம் ஒட்சைட்டுப் படலம். குளோரைட் அதை ஓரிடத்தில் குத்தும், இழுவை அந்த இடத்தைத் திறந்து வைக்கும், வெடிப்பின் நுனி முன்னேறும். 304இல் நிக்கல் ஏறத்தாழ 8 சதவீதம். இந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் அளவும் அதுதான்.

எங்கள் தண்ணீர் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர், கோடையில் வாயில் வைத்தாலே உவர்க்கும். தாங்கியின் சூடு 70 பாகை. கசிந்த தண்ணீர் வெளியே சுற்றியிருந்த கண்ணாடிக் கம்பளியை நனைத்து, சுடும் தகட்டில் வற்றி, உப்பை மட்டும் விட்டுப் போயிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே நாங்கள் புது ஒட்டு வைத்துப் புது இழுவையும் சேர்த்தோம். திருத்தச் சொன்னது நான்தானே.

வாவிக் காற்றில் கறள் உதிர்த்துக்கொண்டு நிற்கும் கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தின் மேல் எனக்கு அதன் பிறகு ஒரு மரியாதை. அது தன் வருத்தத்தை வெளியே காட்டுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடைசிவரை பளபளத்துக்கொண்டே இருக்கும்.

60 பாகைக்குக் கீழே பயமில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை முழுதாக நம்புவதில்லை. 1985இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு நீச்சல் குளத்தின் கொங்கிரீட் உட்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியிருந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் இதே விதமாகத்தான் வெடித்திருந்தன. அந்தக் கம்பிகள் இருந்த இடத்தில் 60 பாகைச் சூடு இல்லை.

இந்த வெடிப்பை 304ஐ விட நன்றாகத் தாங்கும் டூப்ளெக்ஸ் 2205 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் புதுத் தாங்கி கேட்டேன். விலையைப் பார்த்த முகாமையாளர் முகம் சுளித்தார். கடைசியில் உள்ளே கண்ணாடிப் பூச்சுப் போட்ட இரும்புத் தாங்கி வந்தது. சரி, அதுவும் பரவாயில்லை.

அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். பாஸின் கூலி வர இன்னும் இரண்டு மாதம் ஆனது. காசோடு வெட்டிய துண்டையும் கல்லடிக்குக் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் வச்ச ஒட்டு நிக்குதுதானே, மனே?"

"ஓம் பாஸ்" என்றேன்.