எக்ஸ் என்று கையெழுத்திட்ட கட்டுரை

'ஃபாரின் அஃபேர்ஸ்' என்ற அமெரிக்க வெளியுறவு இதழின் 1947 ஜூலை பதிப்பில், கட்டுரையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்துதான் இருந்தது. எழுதியவர் அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி ஜார்ஜ் கென்னன். சோவியத் விரிவாக்கத்தைப் பொறுமையாக, ஆனால் விடாமல் தடுத்து நிறுத்த வேண்டும் என்றார். பெயர் விரைவிலேயே வெளியே தெரிந்துவிட்டது. கருத்தோ பனிப்போர் முழுவதும் அமெரிக்காவை வழிநடத்தியது.

நியூயார்க்கின் வெளியுறவுக் கவுன்சில் என்ற ஆய்வு அமைப்பு 1922இல் தொடங்கிய இதழ் இது. ஹாமில்டன் ஃபிஷ் ஆர்ம்ஸ்ட்ராங் 1928 முதல் 1972 வரை, நாற்பத்து நான்கு ஆண்டுகள், ஆசிரியராக இருந்தார்! இதழின் குதிரைவீரன் சின்னம் அவர் சகோதரி மார்கரெட் வரைந்தது.

என்னை மிகவும் தொட்டது 1925ஆம் ஆண்டுதான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம். காலனியாதிக்கத்தையும் நிறவெறியையும் ஒன்றாக வைத்து கறுப்பின அமெரிக்க அறிஞர் டூபாய்ஸ் எழுதிய கட்டுரையை இந்த மேட்டுக்குடி இதழ் அச்சிட்டது.