லைனுக்குப் போகாத நாட்கள்

ஜூன் 11, புதன்

இதயத் துடிப்பை இடைவிடாமல் பதியும் ஹோல்டர் கருவியைக் கழற்றிக் கொடுத்தாயிற்று. ஒட்டியிருந்த இடமெல்லாம் தடித்து அரிக்கிறது. இரவு ஒரு சரக்கு வண்டி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே போனது. எவன் ஓட்டினானோ, ரயில் ஓட்டுகிற எனக்குத் தெரியும், அந்த இடத்தில் அவ்வளவு நீளம் தேவையே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

எதிர்பார்த்ததுதான். இதயத்தின் மேலறைகள் சுருங்குவதை விட்டுவிட்டு நடுங்குகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். தைராய்டு சரி, வால்வு சரி, ரத்த அழுத்தமும் சரி. காரணம் தெரியாமலும் வரும் என்கிறார் டாக்டர். மேலறையில் ரத்தம் உறைந்து, அந்தத் துணுக்கு மூளைக்குப் போய்விடக் கூடாதாம். அதற்கு இரண்டு வேளை மாத்திரை.

அமெரிக்க விண்வெளி வீரர் டீக் ஸ்லேட்டனுக்கும் இதே வியாதி, இதே பதில். இன்று அவர் இறந்த நாள். 1993இல், 69 வயதில், மூளைப் புற்றுநோய். "இதயத்தால் போகவில்லை, பார்" என்று வீட்டில் ஆறுதலாகச் சொன்னேன். "இதற்குப் பெயர் ஆறுதலா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 16, திங்கள்

மைலேஜ், அதாவது ஓட்டிய தூரத்துக்கான படி, இல்லாமல் சம்பளம் எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்தேன். தாளைக் கிழித்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

தூக்கமில்லை. மணிக்கட்டைப் பிடித்தபடி படுத்திருந்தேன். இரண்டு அடி சேர்ந்து விழும், பிறகு ஒன்றையும் காணோம், அப்புறம் நான்கு அவசரமாக ஓடி வரும். பிடிக்காமல் விட்டால் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. மூச்சு வாங்கவில்லை, தலை சுற்றவில்லை, மூன்று மாடி ஏறுகிறேன். நோயாளி என்று தாள் சொல்கிறது, உடம்பு சொல்லவில்லை. அதுதான் ஆத்திரம்.

ஸ்லேட்டனை நினைத்துக்கொள்கிறேன். விஸ்கான்சின் பண்ணையில் ஐந்து வயதில் இயந்திரத்தில் சிக்கி இடக்கை மோதிர விரல் போனது. அந்தக் கையோடு 19 வயதில் ராணுவ விமானி. ஐரோப்பாவில் பி-25 குண்டுவீச்சு விமானத்தில் 56 தாக்குதல்கள். பிறகு ஒகினாவாவிலிருந்து ஏ-26இல் ஜப்பான் மீது ஏழு. அவர் இருந்த 340ஆவது பிரிவு, 1944 மார்ச்சில் வெசுவியஸ் பொங்கியபோது எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. எதிரி வரவே இல்லை. நின்ற இடத்திலேயே சுடுசாம்பல் கொட்டி, துணி போர்த்திய சுக்கான்கள் கருகிப்போயின. அந்த 63 முறையும் அவருடைய நாடி ஒழுங்காகத்தான் அடித்ததா, யாருக்குத் தெரியும்? யாரும் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏற்றி அனுப்பவில்லை.

1959இல், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் அமெரிக்காவின் முதல் திட்டமான மெர்க்குரிக்குத் தேர்வான விண்வெளி வீரர்கள் எழுவரில் ஒருவரானார். அதே ஆகஸ்டில், ஆளை வேகமாகச் சுழற்றும் மையவிலக்கு இயந்திரப் பயிற்சியின்போது, இதயத்தின் நடுக்கம் தெரிந்தது. பரவாயில்லை, பயிற்சியைத் தொடரலாம் என்றார்கள். இரண்டரை வருடம் கழித்து, 1962 மார்ச்சில், பூமியைச் சுற்றிவரக் கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது, கூடாது என்றார்கள். அந்தப் பயணம் ஸ்காட் கார்ப்பென்டருக்குப் போனது. ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

உப்பில்லாத ரசம். யாரோடும் பேசவில்லை.

ஜூன் 25, புதன்

என்னோடு உதவியாளராக வந்துகொண்டிருந்த பையன் ரன்னிங் ரூமிலிருந்து, வண்டி ஓட்டுபவர்கள் தங்கும் ஓய்வறையிலிருந்து, போன் செய்தான். "சார், புது லோகோ பைலட் சிக்னலை வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் சொன்னாலும் திருப்பிச் சொல்வதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறார்." நீ உரக்கச் சொல்லிக்கொண்டே இரு, அவர் திருப்பிச் சொல்லும்வரை விடாதே என்றேன். வைத்த பிறகு வெகுநேரம் கோபமாக இருந்தது. அந்த ஆள் மீதா, அந்த இருக்கையில் நான் இல்லை என்பதாலா, பிரித்துப் பார்க்க விருப்பமில்லை.

ஜூலை 2, புதன்

மகள் விடுதியிலிருந்து வந்திருக்கிறாள். இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. ஸ்லேட்டன் கதையை அவளிடமும் ஆரம்பித்தேன். "குண்டு போட்டவர் எப்படிப்பா பொறியாளரானார்?" என்றாள்.

போர் முடிந்ததும் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். 1949இல் வானூர்திப் பொறியியல் பட்டம். சியாட்டிலில், போயிங்கில் வேலை. கொரியப் போர் நடந்த 1951இல் மறுபடி சீருடைக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து எட்வர்ட்ஸ் விமானப் படைத் தளத்தில் சோதனை விமானி.

"அப்படியானால் இரண்டே வருடப் பொறியாளர்" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. விமானம் எங்கே உடையும் என்பதை அவர் போரில் பார்த்தார், ஏன் உடைகிறது என்பதை வகுப்பில் படித்தார். சோதனை விமானிக்கு இரண்டும் வேண்டும். பிரேக் பைப்பில் அழுத்தம் ஐந்து கிலோவிலிருந்து இறங்கினால் கைப்பிடியைப் பார்ப்பவன் ஒரு ரகம். ஐம்பது பெட்டிக்குப் பின்னால் எந்த இணைப்பில் காற்று போகிறது என்று மனதுக்குள் நடந்து போகிறவன் இன்னொரு ரகம். இப்படிச் சொன்னதும் அவள், "நீங்களும் பொறியாளர்தான் அப்பா" என்றாள். சமாதானத்துக்குச் சொன்னாள். இருந்தாலும் சொன்னாள்.

ஜூலை 8, செவ்வாய்

வண்டி ஓட்டத் தேவையான ஏ-ஒன் மருத்துவத் தகுதி போய்விட்டால், ஓட்டுநர்கள் வேலைக்குப் பதியும் லாபியில் க்ரூ கன்ட்ரோலராகப் போடுவார்கள் என்று பேச்சு. யாருக்கு ஓய்வு முடிந்தது, யார் எந்த வண்டிக்கு, யார் மூச்சுக் கருவியில் ஊதினார். மற்றவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் இருக்கும் வேலை.

ஸ்லேட்டனுக்குக் கிடைத்ததும் அதுதானே. 1962 செப்டம்பரில் விண்வெளி வீரர்களின் ஒருங்கிணைப்பாளர். தனியாக ஜெட் ஓட்டக்கூட அனுமதியில்லை, பக்கத்தில் இன்னொரு விமானி வேண்டும். விமானப் படைப் பதவியையே 1963இல் விட்டுவிட்டார். ஆனால் அடுத்த விண்வெளித் திட்டங்களான ஜெமினியிலும் அப்போலோவிலும் யார் போவது என்பது அவர் மேசையில்தான் முடிவானது. ஒரு பயணத்துக்கு மாற்றுக் குழுவாக இருப்பவர்கள், அடுத்த இரண்டை விட்டு மூன்றாவதில் போவார்கள். அப்போலோ 8க்கு மாற்றாக இருந்த ஆர்ம்ஸ்ட்ராங் அப்போலோ 11க்கு வந்தது இந்த முறைப்படிதான். நிலவில் முதல் கால் யாருடையது என்பதில் ஒரு ட்யூட்டி அட்டவணைக்கும் பங்கு உண்டு. எனக்கு இது மிகவும் பிடிக்கிறது.

அப்போலோ 1 தீவிபத்தில் இறந்த மூவரின் மனைவியர், விண்வெளி வீரர் அணியும் தங்க ஊசியில் வைரம் பதித்து அவருக்குக் கொடுத்தார்கள். போகாதவருக்கு. பிறகு அது அப்போலோ 11இல் நிலவு வரை போய்த் திரும்பியது.

அவர் அந்த நாற்காலியை விரும்பினாரா? சிகரெட்டை விட்டார், காப்பியை விட்டார், வைட்டமின்களை விழுங்கினார், விடாமல் டாக்டர்களிடம் போனார். விரும்பியவர் செய்கிற காரியமா இது?

ஜூலை 9, புதன்

காப்பியை நான் விடப்போவதில்லை.

ஜூலை 17, வியாழன்

ஐம்பது வருடம். 1975 ஜூலை 17, அமெரிக்காவின் அப்போலோவும் சோவியத்தின் சோயுஸும் விண்ணில் இணைந்த நாள். 1972 மார்ச்சில் தடை நீங்கி, ரஷ்ய மொழி கற்று, 51 வயதில் ஸ்லேட்டன் அதில் போனார். அதுவரை அந்த வயதில் யாரும் போனதில்லை. சோயுஸின் தலைவர் லியோனவ் குழாய்களில் வோட்கா என்று சீட்டு ஒட்டி விருந்தாளிகளிடம் நீட்டினாராம். உள்ளே பீட்ரூட் சூப்.

16 வருடம் காத்திருந்த மனிதரிடம் இப்படி விளையாடியிருக்கக் கூடாது. இல்லை, விளையாடியது சரிதான். இன்று எனக்கு மனம் லேசாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பஜ்ஜி.

ஜூலை 21, திங்கள்

படபடப்பு. நேற்று இரவு முதல் நிற்கவில்லை. முதல் தடவையாக எனக்கே தெரிகிறது. மனைவி நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, டாக்டரின் எண்ணைத் தன் போனிலும் பதிந்துகொண்டாள்.

அப்போலோ பூமிக்கு இறங்கும்போது நடந்ததைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஹெட்செட்டில் கீச்சென்று சத்தம். பட்டியலை ஒருவர் வாசிக்க, அது அடுத்தவர் காதில் விழவில்லை. சுவிட்சுகள் போடப்படாமலே நின்றன. நைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே வந்து, ஸ்லேட்டனோடு போன பிராண்ட் மயங்கிவிட்டார். அந்தப் பையனுக்கு இதைச் சொல்ல வேண்டும். சொன்னதை மறுபடி சொல்லாத இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

ஹோனலூலு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் ஸ்லேட்டனின் நுரையீரலில் ஒரு புள்ளி. அறுத்துப் பார்த்தார்கள், புற்று இல்லை. பறப்பதற்கு முன்பே யாராவது கவனித்திருந்தால் மறுபடியும் தரையில் நிறுத்தியிருப்பார்கள். ஒன்றுமில்லாத ஒரு புள்ளிக்காக.

ஜூலை 23, புதன்

மருத்துவக் குழு நாளை பத்து மணிக்கு. பழைய ஈசிஜிகள், எக்கோ, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில். வெறும் வயிற்றில் வர வேண்டுமா, சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று தாளில் போடவில்லை. காலையில் போன் செய்து கேட்க வேண்டும். பையனுக்கு இன்று இரவு