கவுன்சிலிடம் ஷார்ட் பிரேக் கேட்கும்போது: இங்கிலாந்தில் உள்ள பெற்றோருக்கு

"நாங்க எப்படியோ சமாளிச்சுக்கிறோம்." சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வரும்போது நம் பெற்றோர் பலர் மரியாதைக்காகச் சொல்வது இது. அறிக்கையில் அது அப்படியே ஏறும்: குடும்பம் சமாளிக்கிறது, சேவை தேவையில்லை. கோப்பு மூடப்படும்.

மாற்றுத்திறன் உள்ள குழந்தையை வளர்ப்பவர்களுக்கு 'ஷார்ட் பிரேக்' எனப்படும் தற்காலிக ஓய்வு கிடைக்க வழி செய்வது கவுன்சிலின் கடமை. 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி பகல் பராமரிப்பு, இரவு பராமரிப்பு, வீட்டுக்கு வெளியே செயல்பாடுகள், மாலை, வார இறுதி, பள்ளி விடுமுறை உதவி என்று பலவகைச் சேவைகளை அது வைத்திருக்க வேண்டும். ஒடிந்து விழும் நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று எங்கும் இல்லை. ஓய்வு கிடைத்தால் பிள்ளையை இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்கிற பெற்றோரையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது விதி.

முதலில் உங்கள் கவுன்சிலின் 'லோக்கல் ஆஃபர்' பக்கத்தில் (உள்ளூர் உதவிகளைப் பட்டியலிடும் இணையப் பக்கம்) ஷார்ட் பிரேக் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். யாருக்கு என்ன சேவை, தகுதி என்ன என்பதை அதில் வெளியிட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை கிளப், விடுமுறை முகாம் போன்றவற்றுக்குப் பல இடங்களில் அசெஸ்மென்ட்டே (சோஷியல் வொர்க்கர் செய்யும் தேவை மதிப்பீடு) தேவைப்படாது. பிள்ளைக்கு டிஎல்ஏ (டிஸெபிலிட்டி லிவிங் அலவன்ஸ் என்ற அரசு உதவித்தொகை) கிடைக்கும் கடிதம் போதும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு எப்போது திறக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வீட்டுக்கு ஆள், இரவுத் தங்கல் என்றால் அசெஸ்மென்ட் வேண்டும். போனில் கேட்டால் பெரும்பாலும் 'எர்லி ஹெல்ப்' என்ற ஆரம்பநிலைக் குடும்ப உதவிப் பக்கம் திருப்பிவிடுவார்கள். அது வேறு, இது வேறு. அதனால் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்: 1989 சில்ட்ரன் ஆக்ட் பிரிவு 17, 1970 க்ரானிக்கலி சிக் அண்ட் டிஸேபிள்ட் பெர்சன்ஸ் ஆக்ட் பிரிவு 2 ஆகியவற்றின் கீழ் பிள்ளைக்கு அசெஸ்மென்ட், கூடவே பெற்றோராகிய உங்கள் தேவைகளுக்கும் தனியாக ஒன்று. மாற்றுத்திறன் உள்ள குழந்தை பிரிவு 17-இன்படி தானாகவே 'தேவையுள்ள குழந்தை'தான். அதற்கு வேறு நிரூபணம் வேண்டாம். ஆட்டிசம் மட்டும்தானே என்று தட்டிக்கழித்தால், அதுவும் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது என்று எழுதுங்கள். கோரிக்கை வந்த ஒரு வேலைநாளுக்குள் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். அசெஸ்மென்ட்டை 45 வேலைநாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் இரண்டு வாரக் குறிப்பு எழுதுங்கள். "தூக்கம் சரியில்லை" என்ற வரிக்கு எந்த மதிப்பும் இல்லை. "செவ்வாய்: 11.20-க்கு எழுந்தான், 1.40 வரை தூங்கவில்லை, அம்மா கூட இருந்தார். 3.15-க்குப் படுக்கை நனைந்து துணி மாற்றினோம், இரண்டு பேர் தேவைப்பட்டது. 5 மணிக்கு மேல் யாரும் தூங்கவில்லை." இப்படி எழுதினால் அதை மறுப்பது கடினம். வாசல் கதவைத் திறந்து ஓடுவது, உணவூட்ட எத்தனை நிமிடம், தம்பி தங்கைக்கு என்ன கிடைக்காமல் போகிறது, எல்லாம் வரட்டும். மோசமான நாளை மோசமாகவே எழுதுங்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மூத்த பிள்ளையை உட்கார வைத்து மொழிபெயர்க்க விடாதீர்கள். பெற்றோரின் களைப்பை அந்தப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது சரியில்லை, பாதி விஷயம் விடுபடவும் செய்யும்.

முடிவில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நாள், யார் தருவார் என்று இருக்க வேண்டும். "ஆதரவு பரிசீலிக்கப்படும்" என்பது முடிவே அல்ல. 1970 சட்டத்தின் கீழ் சேவை அவசியம் என்று ஒப்புக்கொண்ட பிறகு பட்ஜெட் இல்லை என்று கை விரிக்க முடியாது. மறுத்தால் காரணத்தையும் தகுதி அளவுகோலையும் எழுத்தில் கேட்டு, முறையான புகார் கொடுங்கள். முதல் கட்டப் பதிலுக்குப் பொதுவாக 10 வேலைநாள். கவுன்சிலின் புகார்க் கட்டங்கள் முடிந்தும் தீராவிட்டால், கவுன்சில்கள் மீதான புகார்களைச் சுயேச்சையாக விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

ஆள் அனுப்பாமல், நீங்களே ஆள் வைத்துக்கொள்ளப் பணமாக, டைரக்ட் பேமென்ட் தருகிறோம் என்பார்கள். உங்கள் பாஷை தெரிந்தவரை வைத்துக்கொள்ள இது நல்ல வழி. ஆனால் அவருக்கு முதலாளி நீங்கள்: சம்பளக் கணக்கு, முதலாளி பொறுப்புக் காப்பீடு, 5.6 வார ஊதிய விடுப்பு எல்லாம் உங்கள் தலையில். விடுப்புச் சம்பளத்தைச் சேர்க்காமல் மணிக்கட்டணம் நிர்ணயிப்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு, ஆண்டு முடிவில் பணம் பற்றாது. ஆள் கிடைக்காமல் பணம் தேங்கினால் கவுன்சில் திரும்ப எடுத்துக்கொள்ளும். தேடியதற்கான பதிவை வைத்திருங்கள். ஒரே வீட்டில் வசிக்கும் உறவினருக்குச் சம்பளம் கொடுக்க, அது அவசியம் என்று கவுன்சில் ஏற்றாக வேண்டும்.

விசாவில் 'பொது நிதி கிடையாது' என்றிருந்தால் டிஎல்ஏ, கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) கேட்கக் கூடாது. பிரிவு 17 உதவி அந்தப் பொது நிதிப் பட்டியலில் இல்லை, அதைக் கேட்கலாம். இது தெரியாமல் வாயே திறக்காத குடும்பங்கள் ஏராளம்.

பிள்ளையை ரெசிடென்ஷியல் மையத்தில் இரவு தங்க விடுவதாக இருந்தால், அது பிரிவு 17-இன் கீழா 20-இன் கீழா என்று கேளுங்கள். 20 என்றால் அந்த நாட்களில் பிள்ளை கவுன்சிலின் பராமரிப்பில் இருப்பதாகக் கருதி மறுபரிசீலனைக் கூட்டங்களும் வரும். தேதிகளையும் குறித்து வையுங்கள். 28 நாள் தாண்டினால் டிஎல்ஏ-வின் பராமரிப்புத் தொகை நிற்கும். இரு தங்கல்களுக்கு இடையே 28 நாளோ அதற்குக் குறைவோ இருந்தால் இரண்டையும் சேர்த்தே எண்ணுவார்கள். போகும் நாளும் வரும் நாளும் கணக்கில் சேராது.