பட்ஜெட் கிராபிக்ஸ் கார்டு: வேலூர் வெயிலில் போட வேண்டிய கணக்கு

"பத்தாயிரம் பதினஞ்சாயிரத்துக்குள்ள எந்தக் கார்டு நல்லது?" என்று கேட்பவர்கள் முதலில் கேபினெட்டின் பக்கத்து மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) லேபிளைப் படிக்க வேண்டும். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அதை விடுங்கள். 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால், பன்னிரண்டால் பெருக்கினால் 192 வாட். ப்ராசஸருக்கு 65, போர்டு, டிஸ்க், ஃபேன்களுக்கு 40 போனால், கார்டுக்கு மிஞ்சுவது 87 வாட்தான்.

ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி மாடல் 70 வாட். பெரும்பாலும் தனி பவர் கேபிள் இல்லாமல், போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டிலேயே ஓடும், ஸ்லாட் 75 வாட் வரை தரும். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட்டும் ஒரு 8 பின் கேபிளும் வேண்டும். பழைய நான்கு பின் மோலெக்ஸ் கேபிளை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். சமாளிக்க முடியாது. லோடு ஏறும் நேரத்தில் சிஸ்டம் தானே ரீஸ்டார்ட் ஆகும், நாளாக ஆக கனெக்டர் முனை கருகும்.

அதனால் எஸ்எம்பிஎஸ் விலையையும் கார்டு விலையோடு கூட்டுங்கள். உதாரணத்துக்கு, கார்டு 13,000, நல்ல எஸ்எம்பிஎஸ் 4,000, நீங்கள் ஆடும் கேமில் நொடிக்கு 70 பிரேம் (திரையில் மாறும் படம்) என்று வைப்போம். ஒரு பிரேமுக்கு 243 ரூபாய். எஸ்எம்பிஎஸ் மாற்றத் தேவையில்லாமல் 12,000 ரூபாய்க்கு 45 பிரேம் தரும் கார்டில் 267. முதல் கார்டுதான் லாபம் போலத் தெரியும். ஆனால் உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் கண்ணுக்கு வருவது 60 பிரேம்தான். அப்போது முதல் கார்டின் கணக்கு 283 ஆகிவிடும். மிச்சமிருக்கும் பலத்தை வைத்து செட்டிங்கை ஏற்றி ஆடுபவருக்கு அது நஷ்டம் இல்லை; வாலரன்ட் போன்ற லேசான கேம் மட்டும் ஆடுபவருக்கு வீண் செலவு.

பெயரை மட்டும் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி மெமரி, 128 பிட் மெமரி பாதை, 2560 கோர் (கணக்குப் போடும் அலகு) ஒன்று. 6 ஜிபி, 96 பிட், 2304 கோர் இன்னொன்று. ஜிடி 1030 இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 மாடலின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 மாடலில் 17-கூட இல்லை. டப்பாவில் பெயர் ஒன்றேதான்! ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பிசிஐஇ லேன்களில் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தகவல் போகும் பாதைகள்) ஓடுவது. பழைய பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும். 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் விக்கி விக்கி ஓடும். கேமை வீடியோவாகப் பதிவுசெய்ய உதவும் என்கோடரும் அதில் கிடையாது, ரெக்கார்டிங் சுமை ப்ராசஸர் தலையில்தான். இன்டெல் ஆர்க் வாங்க நினைத்தால் போர்டில் ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுவதையும் ப்ராசஸர் நேரடியாக அணுகவிடும் வசதி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் வேகம் நன்றாகவே அடிபடும்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். வெளிநாட்டு ரிவ்யூக்களில் அறை 20, 25 டிகிரியில் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40-ஐத் தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழ் அறை என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கும் கான்கிரீட் அனல் விடும். அறை 15 டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய அதே 15 ஏறும். ரிவ்யூவில் 70 காட்டிய கார்டு இங்கே 85-ஐத் தொட்டு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் சில நூறு ரூபாய் கூடினாலும் இரட்டை ஃபேன் மாடலை எடுங்கள். ஆஃப்டர்பர்னர் என்ற கார்டு செட்டிங் மென்பொருளில் பவர் லிமிட்டை 85 சதவீதமாக்கி, பிரேமை 60-இல் கட்டிவையுங்கள். பிரேம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே இறங்கும்.

செகண்ட் ஹேண்டில்தான் நல்ல பேரம் கிடைக்கும், ஏமாற்றுவதும் அங்கேதான். காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெரு வரை போகிறவர்கள் பென் டிரைவில் ஜிபியு-இசட் (கார்டின் விவரத்தைக் காட்டும் மென்பொருள்) கொண்டுபோங்கள். பழைய சிப்பில் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி 1050 டிஐ என்று விற்பதை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580-இல் ஷேடர் (கோரின் இன்னொரு பெயர்) 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் அது உள்ளுக்குள் 570 தான், விலையும் அப்படியே பேசுங்கள். டார்ச் அடித்து சிப்பைச் சுற்றிப் பாருங்கள். பசைபோல மஞ்சள் ஃப்ளக்ஸ் (சால்டரிங்கில் பூசுவது) படிந்திருந்தால் சூடுகாட்டி உயிர்கொடுத்த கார்டாக இருக்கலாம். சில வாரத்தில் திரும்பப் படுத்துவிடும். பிறகு 20 நிமிடம் லோடு கொடுங்கள். சிப் வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பில் அதிகம் சுடும் இடம்) 30 டிகிரிக்கு மேல் இடைவெளி என்றால், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். மாற்றினால் சரியாகலாம், அதற்கான தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். திரையில் புள்ளி புள்ளியாகவோ கட்டம் கட்டமாகவோ வந்தால் மெமரி போய்விட்டது, பேரமே வேண்டாம். 20 நிமிடம் ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.