ஆறாம் இலக்கச் சட்டை

எங்கள் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியைப் பழக்கிய சேர் காலமான செய்தி எங்கள் வகுப்புக் குழுவில் வந்த இரவு, இரங்கல் வரிகளுக்கிடையே ஒருவன் "கார்லோஸ், நீ ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டிருந்தான். அந்தப் பட்டப்பெயர் வந்த கதையை அவர் இருந்தபோதே எழுதியிருக்கலாம்.

2002இல் றொபேட்டோ கார்லோஸை அறியாத ஒருவனும் எங்கள் விடுதியில் இல்லை. றொனால்டோவும் றிவால்டோவும் ஆடிய பிரேசில் அணியில் கட்டையான ஓர் இடது பின்கள வீரரை நாங்கள் தேடித்தேடிப் பார்த்ததற்குக் காரணம் ஒரேயொரு பிறீ கிக்தான். 1997 ஜூன் 3 அன்று லியோனில், பிரான்சுக்கு எதிராக, ஏறத்தாழ 35 மீற்றர் தூரத்திலிருந்து இடக்காலின் வெளிப்புறத்தால் அவர் அடித்த பந்து, கம்பத்துக்கு வெளியே வெகுதூரம் விலகிப் போய், அங்கு நின்ற பந்து பொறுக்கும் சிறுவனைத் தலைகுனிய வைத்து, பிறகு வளைந்து திரும்பிக் கம்பத்தில் பட்டு உள்ளே புகுந்தது. கோல் காப்பாளர் பார்தேஸ் அசையவே இல்லை. பின்னாளில் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் அந்த வளைவை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். நாங்கள் அதற்கு வெகுமுன்பே ஆய்வுகூடத்து ஓடுகளில் பரிசோதித்துத் தண்டமும் கட்டியிருந்தோம்.

சேருக்கு அதே அணியின் வலது பின்கள வீரர் கஃபூதான் ஆள். பந்து வராவிட்டாலும் ஓடுகிறவன் என்பார். ஆனாலும் கார்லோஸின் ஆறாம் இலக்கச் சட்டையை எனக்குத் தந்தார்.

அரையிறுதி ஆட்டத்தில், கோலின்றிக் கடைசி நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, பிறீ கிக் எனக்கே என்று அடம்பிடித்தேன். பந்தின் காற்று வாயை என் பக்கம் திருப்பி வைத்து, கார்லோஸைப் போலவே சின்னச் சின்ன அடிகளாக ஓடிவந்து அடித்தேன். பந்து முதல் ஆளின் முழங்காலில் பட்டுத் திரும்ப, வெறிச்சோடிக் கிடந்த எங்கள் இடப்பக்கத்தால் ஓடிவந்த பெடியன் அமைதியாகக் கோல் போட்டான். வேப்பமரத்தடியில், எல்லோர் முன்னிலையிலும், சேர் குரலை உயர்த்தாமலே கேட்டார்: "பந்து போகட்டும். உன்ர இடத்தில ஆர் நிண்டது?"

2006 ஜூலை 1 அன்று பிராங்பேர்ட்டில், உலகக் கிண்ண ஆட்டத்தில், பிரான்சின் சிடான் அடித்த பிறீ கிக் காற்றில் வரும்போது கார்லோஸ் குனிந்து காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தனியே நின்ற ஹென்றி கோல் அடித்தார். 125 ஆட்டங்களுக்குப் பின் பிரேசில் சட்டையை அவர் மறுபடி அணியவில்லை. நான் அந்த ஆட்டத்தை இங்கே, வெளிநாட்டில், ஒரு நிலவறை வாடகை அறையில் பார்த்தேன். இருந்தும் உலகம் அவரை மன்னித்துவிட்டது. இன்றும் அவர் பெயரைச் சொன்னால் முதலில் லியோன்தான் வரும், காலுறை பிறகுதான். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு தாராளம் கிடையாது.

2015இல் அவர் தில்லி டைனமோஸ் அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் வந்தபோது சேர் தொலைபேசியில் சிரித்தார்: "உன்ர ஆள் தில்லி வரைக்கும் வந்திட்டார். நீ எப்ப வாறாய்?" அடுத்த வருடம் என்றேன்.

இறுதி ஊர்வலப் படத்தைக் குழுவில் போட்டிருந்தார்கள். பெட்டியைத் தாங்கியவர்களில் வலப்பக்கத்து மூவரும் எங்கள் அணிக்காரர். இடப்பக்கம் கடைசியில் நின்ற பெடியனை எனக்குத் தெரியவில்லை.